பால் மறக்காத குட்டி

குளுவாங் வட்டாரப் பன்றிப் பண்ணைகளுக்குத் தீவனமும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். வள்ளலாரைக் கும்பிடும் வீட்டில் பிறந்தவன், சைவம். வெட்டுக்குப் போகும் உயிரின் வயிற்றுக்கு இரங்கி என்ன பயன் என்று கோயிலில் ஒரு பெரியவர் கேட்டார்.

காட்டுப்பன்றி தன் குட்டிக்கு மூன்று நான்கு மாதம் பால் கொடுக்கும். பண்ணையில் நான்கு வாரத்திலேயே பிரித்துவிடுகிறோம். தாய்ப்பால் தந்த காப்பு அன்றோடு நின்றுபோகிறது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் குட்டையாகின்றன. இரைப்பையில் அமிலம் போதாமல் ஈ.கோலை கிருமி பெருகிக் கழிச்சல் வருகிறது. வாலடி நனைந்து, விலா ஒட்டி, தொட்டியை முகர்ந்துவிட்டுத் தின்னாமல் திரும்பும் குட்டியைப் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி வராது.

இதற்கு முன்பெல்லாம் கொலிஸ்டின்தான். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் மருந்து அது. 2019-இல் மலேசியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது, நல்லதாயிற்று. இப்போது லாக்டோபாசிலஸ், பாசிலஸ் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களைத் தீவனத்தில் கலக்கிறார்கள். எல்லாக் குட்டிக்கும் கேட்பதில்லை.

நாளைக்குச் சாவு என்பதால் இன்றைய வலி பொய்யாகிவிடுமா? ஆனாலும், நாமே தாயிடமிருந்து பிரித்து வரவழைத்த நோய்க்கு மருந்து போட்டுவிட்டு, அதைக் கருணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்ட கடனைத் தீர்க்கிறோம், அதுவும் பாதி. இன்னும் ஒரு வாரமாவது தாயோடு விடுங்கள் முதலாளி என்று போகிற பண்ணையிலெல்லாம் சொல்லி வருகிறேன். சிலர் கேட்கிறார்கள்.