கணக்கு தெரிந்தவன் தலை குனியமாட்டான்!

தம்பி, தலையைத் தூக்கு! "ஒயர்மேன் வேலைதானே" என்று யாரோ ஒரு உறவுக்காரர் சொன்ன சொல்லை மனசில் போட்டுக்கொண்டு ஏன் சுருங்கிப் போகிறாய்? ஒரு வீட்டுச் சுவருக்குள் எந்த ஒயர் ஓட வேண்டும் என்று நீ எடுக்கும் முடிவை நம்பித்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் நாற்பது வருஷம் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். இதைவிடப் பெரிய பொறுப்பு எந்த ஏசி அறையில் இருக்கிறது?

நீ எந்த மண்ணில் நிற்கிறாய் என்று நினைத்துப் பார். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பாபநாசத்தில், மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணித் தண்ணீரிலிருந்து 1944-லேயே மின்சாரம் எடுத்தார்கள். நாடு விடுதலை பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால்! சிம்சன் நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்து, அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டியெழுப்பிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் இந்த ஆழ்வார்குறிச்சிக்காரர். இங்கிருந்து போன ஒருவர் கட்டிய குழுமத்தில்தான் 1960-இல் டஃபே டிராக்டர் தொழிற்சாலை பிறந்தது. கடனா நதித் தண்ணீர் குடித்து வளர்ந்த உனக்கு என்ன குறை?

குறை ஒன்றே ஒன்றுதான். வேலை தெரிந்த பலருக்கு, அதன் காரணம் தெரிவதில்லை. காரணம் தெரியாதவன் யார் அதட்டினாலும் பணிந்துவிடுவான். காரணம் தெரிந்தவனை அசைக்க முடியாது!

வாயை அடைக்கும் ஒரு கணக்கு

புது வீடு கட்டும் அண்ணாச்சி சொல்வார்: "எல்லாத்துக்கும் ஒன்றரை ஸ்கொயர் ஒயரே போடுப்பா. என் மச்சினன் வீட்டுல அப்படித்தான் ஓடுது." அந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வராதே. ஒரு துண்டுத்தாள் எடு. "அண்ணாச்சி, உங்க ஏசி 1,600 வாட். ஹீட்டர் 2,000 வாட். அயர்ன் பாக்ஸ் 1,000 வாட். மொத்தம் 4,600. இதை 230 வோல்ட்டால வகுத்தா 20 ஆம்பியர். ஒன்றரை ஸ்கொயர் ஒயர் அவ்வளவையும் சேர்த்துத் தாங்காது" என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்.

இன்னொன்றும் சொல். ஒயரில் ஓடும் கரண்ட் இரட்டிப்பானால் அதில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். அந்தச் சூடு சுவருக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல் இன்சுலேஷனைப் பொசுக்கிக்கொண்டே இருக்கும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒன்றரை. பவர் பிளக்குக்கு இரண்டரை. ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனியாக நாலு. மீட்டரிலிருந்து டி.பி. பாக்ஸுக்கு வரும் மெயினுக்கு ஆறு, லோடு கூடினால் பத்து. இதுதான் செம்பு ஒயரில் ஒரு சாதாரண வீட்டுக்கான நல்ல கணக்கு. தாளில் எழுதிக் காட்டு. குரலை உயர்த்தாமலே நீ ஜெயிப்பாய்!

கட்டடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்

எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே ஒயரிங் போடுகிறவன் வெறும் கூலியாள். கட்டடத்தைப் பார்த்ததும் அதன் குணத்தைச் சொல்கிறவன் தொழில்காரன். நீ தொழில்காரனாக இரு!

பழைய ஓட்டு வீட்டுக்குள் நுழைகிறாயா? மேலே மரச்சட்டம், மச்சு. சுவர் செங்கலும் சுண்ணாம்பும். அங்கே மரப்பட்டியில் கிளிப் அடித்து ஓட்டிய அந்தக் கால ஒயர் இன்னும் இருக்கும். அதன் ரப்பர் உறை தொட்டால் உதிரும். அதோடு புது ஒயரை முறுக்கி ஒட்டுப் போடாதே. முழுவதையும் கழற்று. அந்தச் சுவரைக் கொத்திப் புண்ணாக்கவும் வேண்டாம். வெளியே தெரியும்படி பி.வி.சி. பைப்போ, கேசிங் கேப்பிங்கோ போடு. மரத்தை ஒட்டிப் போகும் இடத்தில் இரும்புக் குழாய்க்குள் கொண்டுபோய், அந்தக் குழாயையும் எர்த்தோடு சேர்த்துவிடு.

புது மாடி வீடா? கான்கிரீட் போடும் முன்பே உன் வேலை தொடங்குகிறது. தளத்துக் கம்பி கட்டும்போதே பைப்பைப் பதி. சுவரில் பைப் நேர் மேலாக, நேர் கிடையாக மட்டும் போகட்டும். குறுக்கே கோணலாகப் போனால், நாளைக்குக் காலண்டர் மாட்ட அடிக்கும் ஆணி ஒயரில் இறங்கும். பைப்பைத் திணித்து நிரப்பாதே. பாதிக்கு மேல் காலியாக விடு, சூடு வெளியேற இடம் வேண்டும். பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரரிடம் கொடு. மலையடிவாரத்துச் சாரலும் ஐப்பசி மழையும் நனைக்கும் ஊர் இது. பூச்சு காய்ந்த பிறகு ஒயரை இழு.

கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்றால் ஒரு நொடி நின்று யோசி. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்து மண்டபம் ஒன்றில், முகூர்த்த நேரத்தில் வீடியோ விளக்கிலிருந்து தொடங்கிய தீ கீற்றுப் பந்தலைப் பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கூட்டம் சேரும் இடத்தில் தீயைவிடப் புகை வேகமாகக் கொல்லும். சாதாரண பி.வி.சி. ஒயர் எரிந்தால் கரும்புகையும் அமில வாயுவும் கக்கும். ஆகவே அங்கே புகை குறைவாக விடும் எஃப்.ஆர்.எல்.எஸ். ஒயரோ, அதைவிடச் சிறந்த ஹாலஜன் இல்லாத ஒயரோதான் போட வேண்டும். வீடியோ விளக்குக்கும் சீரியல் செட்டுக்கும் சமையல்கூடத்துக்கும் தனித்தனி சர்க்யூட் கொடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குச்சியை நுழைக்க முடியாதபடி உள்மூடி உள்ள பிளக் போடு. விலை கூடுதல் என்று நிர்வாகம் முணுமுணுத்தால், ஸ்ரீரங்கத்தைச் சொல். தயங்காமல் சொல்!

கோயில் வேலையா? கல் எரியாதே என்று யாராவது சொன்னால் ஏமாறாதே. 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கடைகளில் பற்றிய தீயில் வீரவசந்தராயர் மண்டபத்தின் கல் கூரையே இடிந்து விழுந்தது. சிற்பத்தில் ஆணி அடிக்காதே, கல்லைக் கொத்தாதே. அபிஷேகத் தண்ணீரும் விளக்கெண்ணெயும் படாத உயரத்தில், பிறகு கழற்றக்கூடிய பிடிப்புகளில், உறுதியான உறை உள்ள கேபிளைக் கொண்டுபோ. திருவிழாவுக்குப் போட்ட தற்காலிக ஒயரைத் திருவிழா முடிந்த மறுநாளே கழற்று.

அரிசி ஆலையில் பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுப்பது ஏறக்குறைய 14 ஆம்பியர். நேரடி ஸ்டார்ட்டரில் புறப்படும் நொடியில் அது ஆறு மடங்குவரை போகும். ஆகவே ஆர்மர்ட் கேபிள், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர், உமித்தூசி நுழையாத பெட்டி. வயலில் பம்ப்செட்டுக்கு ஒயர் எடுத்துப் போகிறாயா? தூரம் கூடக் கூட வோல்ட்டேஜ் குறையும், மோட்டார் சூடேறிக் காயில் கருகும். அளவு நாடா பிடித்து, தூரத்துக்கேற்ற பருமனைக் கணக்கிட்டு வாங்கு.

உயிர் காக்கும் இரண்டு காவல்

"ட்ரிப்பர் இருக்கே, போதாதா?" என்று கேட்பார்கள். போதாது! எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. மனிதனைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. பத்து மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தாலே கை இறுகிப் பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை, அசையாமல் நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கசிவை உணர்ந்து கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும். வாஷிங் மெஷின் பக்கத்தில் ஈரக்கையோடு நிற்கும் அம்மாவுக்கு அந்தச் சின்னப் பெட்டிதான் காவல்.

அடுத்தது எர்த். குளியலறைத் தண்ணீர்க் குழாயில் ஒரு கம்பியைச் சுற்றிவிட்டு எர்த் என்று சொல்வது பாவம். தனிக் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் குழாயை நட்டு, அளந்து பார். சித்திரை வெயிலில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொடு. பச்சை ஒயர் ஒவ்வொரு பிளக்குக்கும் போய்ச் சேர வேண்டும். அதை மிச்சம் பிடிக்கச் சொல்லும் எவருக்கும் இணங்காதே!

உன் பெயரை நீ எழுது

உனக்குத் தெரியும் என்பது மட்டும் போதாது, அதற்குச் சான்று வேண்டும். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தேர்வை எழுது. பேட்டை ஐ.டி.ஐ.யிலோ, உன் அருகிலிருக்கும் வேறு ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்து முறையாகப் படி. தங்கையே, இந்தச் சொல் உனக்கும்தான். மெகரும் டெஸ்டரும் ஆண் கை, பெண் கை பார்ப்பதில்லை. தேசிய மின் விதித்தொகுப்பும் ஐ.எஸ். 732 தரநிலையும் பெரிய இன்ஜினியர்களுக்கு மட்டும் எழுதியவை என்று ஒதுங்காதே. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படி. புரியாததை மூத்த ஒயர்மேனிடம் கேள். கேட்பதில் வெட்கம் இல்லை, தெரியாமல் இணைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறாயா? தப்பான ஒயர் போட மறுத்ததால் ஒரு வேலை போகலாம். போகட்டும்! நீ போட்ட வீட்டில் பத்து வருஷம் ஒரு பியூஸும் போகவில்லை என்ற பேச்சு கடையம், அம்பாசமுத்திரம், தென்காசி வரை உனக்கு முன்னால் நடந்து போகும். அதற்குப் பிறகு கூலியை நீ சொல்வாய், மற்றவர்கள் கேட்பார்கள்.

எழுந்திரு தம்பி! நாளைக் காலையில் நீ போகும் முதல் கட்டடத்தில், கட்டிங் பிளேயரைக் கையில் எடுக்கும் முன் பென்சிலை எடு. லோடைக் கூட்டு, தூரத்தை அள, சுவரைத் தட்டிப் பார், எர்த்தைச் சோதி. பிறகு சரியான ஒயரைக் கேட்டு வாங்கு. அதற்குக் குறைவான எதையும் உன் கையால் எந்தச் சுவருக்குள்ளும் இழுக்காதே!