இரைச்சல் என்று எதைச் சொல்வது?

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கோரிக்கையோடுதான் வருவார்கள்: "பின்னாலை கேக்கிற சத்தத்தை எடுத்துவிடுங்கோ." இதை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். எந்த அதிர்வெண், எந்த வடிகட்டி, எவ்வளவு குறைப்பது என்று தீர்மானித்துவிட்டால் விடயம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால், ஒரு சத்தத்துக்கு இரைச்சல் என்று பெயர் வைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் முந்தியது. இதற்கு எந்த மென்பொருளும் பதில் சொல்லாது.

யாழ்ப்பாணத் தீவுகளில் எடுக்கப்படும் ஒலிப்பதிவுகளை முன்வைத்தே இதைப் பேச விரும்புகிறேன். இந்த வேலையின் எல்லாச் சிக்கல்களும் அங்கே ஒன்றாகக் கூடி நிற்கின்றன.

முதலாவது காற்று. பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய மதில்களும் வெட்டவெளியுமாகக் கிடக்கும் நெடுந்தீவில் சோளகம் பெயரத் தொடங்கிவிட்டால் வெறும் மைக்கை நீட்டி எதையும் பதிய முடியாது. பதிந்ததைத் திரும்பக் கேட்டால் யாரோ தகரத்தை அறைவதுபோலிருக்கும். உண்மையில் அப்படியொரு சத்தம் அங்கே இருக்கவில்லை. பேசியவருக்குப் பக்கத்தில் நின்றவரின் காதில் அது விழுந்திருக்காது. காற்று மைக்கின் மெல்லிய தகட்டில் மோதிச் சுழல்வதால், கருவியே உண்டாக்கிக்கொண்ட சத்தம் அது. மைக்குக்கு மயிர்ச் சட்டை போடுவதும், தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவதும் இதற்கான பரிகாரங்கள். இதில் எவருக்கும் மனச்சாட்சி உறுத்தத் தேவையில்லை.

ஆகவே கருவி உண்டாக்கியதை நீக்கலாம், உலகத்தில் இருந்ததை விட்டுவிடலாம் என்று ஒரு விதி செய்யத் தோன்றும். நல்ல விதிதான். ஆனால் அடுத்த படியிலேயே அது தடுக்கி விழுகிறது.

மின்சாரத்தின் முனகலை எடுத்துக்கொள்வோம. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கம்பிகளின் நில இணைப்பில் ஏதும் பிசகினால் அந்த 50உம், அதன் மடங்குகளான 100, 150உம் ஒலிப்பதிவுக்குள் நுழைந்து ரீங்காரமிடும். கூடத்தில் இதைக் களைவது சுலபம். அந்த அதிர்வெண்களில் மட்டும் ஊசிபோல் மெல்லிய வெட்டு வைத்தால் போதும். தீவுகளிலிருந்து வரும் ஒலிப்பதிவுகளோ இந்த வெட்டுக்கு அகப்பட மறுக்கும். நெடுந்தீவும் நயினாதீவும் பெருநிலத்தின் மின்வலையோடு சேராமல், டீசல் மின்பிறப்பாக்கிகளைக் கொண்டே நீண்டகாலம் மின்சாரம் பெற்றுவந்த இடங்கள். சிறிய மின்பிறப்பாக்கி சுமையைப் பொறுத்துத் தளரும், மீளும். மாலையில் ஊர் விளக்கேற்றும்போது முனகலும் சற்று இறங்கி ஏறும். (காற்றும் சூரியனும் கலந்த மின்திட்டங்களுக்காக 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. அவை முற்றாக இயங்கும் காலத்தில் இந்த டீசல் முனகல் பழைய நாடாக்களில் மட்டுமே மிஞ்சும்.)

இந்த முனகல் கருவியின் குறைதான். ஆனால் அது சாட்சியும் சொல்லும். 1972 ஜூன் 20ஆம் திகதி பதியப்பட்ட நிக்சனின் நாடாவில் பதினெட்டரை நிமிடம் பேச்சே இல்லை, வெறும் ரீங்காரம் மட்டும் இருந்தது. தவறுதலாக அழிந்துபோனது என்றார்கள். அந்த ரீங்காரத்தையும் இடையே விழுந்த சொடுக்குகளையும் ஆராய்ந்த நிபுணர் குழு, அது குறைந்தது 5 தடவை வெவ்வேறாக அழிக்கப்பட்டிருக்கிறது என்று 1974இல் சொன்னது. பின்னர் ருமேனியரான கற்றலின் கிரிகோராஸ், மின்வலையின் அதிர்வெண் நொடிக்கு நொடி கொள்ளும் சிறு ஏற்ற இறக்கத்தைக் கொண்டு ஓர் ஒலிப்பதிவு எடுக்கப்பட்ட நேரத்தையே கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கினார். லண்டன் மாநகரப் பொலிஸார் 2005இலிருந்து தங்கள் மின்வலையின் துடிப்பைத் தொடர்ச்சியாகப் பதிந்து வைத்தார்கள். நமது தீவுகளின் துடிப்பை அப்படி யாரும் பதிந்து வைக்கப்போவதில்லை. ஆயினும் நடுவே ஒரு துண்டு வெட்டப்பட்டிருந்தால் முனகலின் அலை அந்த இடத்தில் முறிந்து காட்டிக்கொடுக்கும். நான் சுத்தப்படுத்திய ஒலிப்பதிவில் அந்தச் சாட்சி இல்லை.

மின்சாரமே இல்லாத காலமும் இருந்தது. 1990களின் முற்பாதியில் குடாநாட்டுச் சனங்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோவில் றேடியோவும் கசெற்றும் கேட்டார்கள். சுழற்றுகிறவரின் கை களைத்தால் மோட்டாரும் களைக்கும். அப்படிப் பதியப்பட்ட கசெற்றை இன்று சரியான வேகத்தில் ஓடவிட்டால், களைத்த இடங்களில் குரல் மேலேறிக் கீச்சிடும். வேகத்தைத் தட்டையாக்கும் மென்பொருள் இப்போது உண்டு. தட்டையாக்கினால் பாட்டு சரியாகிவிடும். சில்லைச் சுழற்றியவரின் கை காணாமற்போய்விடும்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். நெடுந்தீவைப் பிறப்பிடமாகக் கொண்ட ஒருவர், காலஞ்சென்ற தன் தாயாரின் குரல் இருந்த கசெற் ஒன்றைக் கொண்டுவந்தார். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் அல்லவா? கொன்றவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. இறந்தோரின் தொகைகூட அறிக்கைக்கு அறிக்கை வேறுபடுகிறது. அந்த நாளைப்பற்றித்தான் தாயார் பேசியிருந்தார். பேசிய இடம், பல வருடங்களின் பின்னர், குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு படகு. எஞ்சின் இரைச்சல் குரலுக்குச் சமமாக ஏறியிருந்தது.

"அம்மாவின்ரை குரல் மட்டும் காணும் தம்பி" என்றார். எஞ்சினைக் களைந்து கொடுத்தேன். குரல் தெளிவாகத்தான் வந்தது. கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தவர், "அம்மா ஏன் இப்பிடிக் கத்துறா?" என்று கேட்டார்.

விடயம் இதுதான். இரைச்சலுக்கு நடுவே பேசும் மனிதர், தான் அறியாமலே குரலை உயர்த்துவார், அசைகளை இழுப்பார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எஞ்சின் இருக்கும்வரை அந்தத் தாயார் மகனுக்குக் கேட்கவேண்டுமே என்று சிரமப்பட்டுப் பேசுகிறார். எஞ்சினை எடுத்ததும், ஓர் அமைதியான அறையில் காரணமில்லாமல் சீறும் பெண்ணாகிவிடுகிறார். ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. ஆனால் அவரைக் கேட்கும் அந்நியர் ஒருவர், இவர் ஆத்திரத்தில் மிகைப்படுத்துகிறார் என்று எண்ண இடமுண்டு. சாட்சி சொல்பவரின் நம்பகத்தன்மையைக் குலைக்க அவருடைய வார்த்தையைத் தொடத் தேவையில்லை, அவரைச் சுற்றியிருந்த உலகத்தை எடுத்துவிட்டாலே போதும்.

மௌனத்தை வெட்டுவது இதைவிடப் பொல்லாதது. பேச்சுக்கிடையிலான வெற்றிடங்களைத் தானாகவே கண்டுபிடித்து நீக்கும் வசதி இன்று சாதாரண மென்பொருள்களிலும் இருக்கிறது. செய்தி வாசிப்புக்கு அது உதவும். பிள்ளையின் பெயரைச் சொல்லுமுன் பதினொரு நொடி நின்ற ஒரு பெண்ணுக்கு அதைச் செய்வது, அவர் சொன்னதில் பாதியை எடுத்துவிடுவதாகும்.

பின்னணி என்பதே பார்ப்பவரின் நிலையைப் பொறுத்தது. நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் இருக்கின்றன. அங்கே பதியும் ஒரு பேச்சில் மணியோசையும் விழலாம், பிரித் ஓதலும் விழலாம். எது இடத்தின் இயல்பான ஒலி, எது இடைஞ்சல் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அந்தப் பதிலில் அரசியலும் இருக்கும். நமது விடயத்தில் இது இன்னும் கூர்மையானது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமாக 70,000க்கு மேற்பட்டோர் அகதிகளானார்கள். கசெற் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கு நேரமிருந்தது? எஞ்சியவை மற்றவர்களின் வீடுகளில் தற்செயலாகக் கிடந்தவைதாம். சோனகதெருவுக்கு அண்மையிலோ, வேலணைத்தீவின் மண்கும்பான் பள்ளிவாசலுக்கு அருகிலோ 1990க்கு முன்னர் யாரோ பதிந்த பிறந்தநாள் கசெற் ஒன்றின் அடியில் மெல்லியதாக ஒரு பாங்கு கேட்குமாயின், பிள்ளையின் பாட்டைத் துலக்கவேண்டி அதை அழிப்பவர் கெட்ட எண்ணமுள்ளவராக இருக்கமாட்டார். இருந்தும் அங்கே ஒரு சமூகம் வாழ்ந்ததன் தடயமொன்று மறைந்துவிடும்.

ஹதீஸ் கலையைக் கற்றவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. அறிவிப்பாளர் தன் விளக்கத்தை மூல வாசகத்தோடு கலந்துவிட்டால், அது நல்ல விளக்கமாகவே இருந்தாலும், முத்ரஜ் என்று பெயரிட்டுப் பிரித்து வைத்தார்கள். தொடரிலுள்ள குறையை மறைப்பதற்குத் தத்லீஸ் என்று பெயர். சரக்கின் பழுதை மறைத்து விற்பதற்கும் அதே சொல்தான். விளக்கம் சொல்வதை யாரும் தடுக்கவில்லை. எது வந்தது, எது நான் சேர்த்தது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

எதையும் தொடாதே என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனத்துக்கு அறத்தின் சட்டையைப் போடுவது. எஞ்சின் இரைச்சலுக்குள் அமுங்கிய குரலை இரண்டு நிமிடத்துக்குமேல் எவரும் கேட்கப்போவதில்லை. கேட்கப்படாத சாட்சி எந்தத் தூய்மையோடு இருந்தும் என்ன பயன்? களைவதும் ஒரு கடமைதான். அந்த மகனுக்காகக் கடைசியில் செய்தது, எஞ்சினை முற்றாக எடுக்காமல் குரலுக்குக் கீழே அமர்த்திவைத்தது. தாயார் படகில் இருக்கிறார் என்பது தெரிந்தது, சொல்வதும் கேட்டது. கூடவே, கை வைக்காத மூலப்பிரதியையும், எங்கே எவ்வளவு குறைக்கப்பட்டது என்ற குறிப்பையும் கொடுத்தேன். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் 1997இலிருந்து பலமுறை திருத்தி வெளியிட்டிருக்கும் நெறிமுறையும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது: வேண்டாத ஒலிகளும் ஆவணத்தின் பகுதியே, மூலத்தை அப்படியே பெயர்த்து வை, துலக்குவதைப் பாவனைப் பிரதியில் செய்.

ஒரே ஓர் இடத்தில் இந்த நெறிமுறையோடு எனக்கு இணக்கமில்லை. பேசியவரே வந்து, "அந்தப் பெயரை எடுத்துவிடுங்கோ, எங்களுக்கு இன்னும் அங்கைதான் சீவியம்" என்று சொன்னால், மூலப்பிரதியிலிருந்தும் எடுத்துவிடத்தான் வேண்டும். குறிப்பில், இங்கே ஒரு பெயர் பேசியவரின் விருப்பப்படி நீக்கப்பட்டது என்று எழுதலாம். அதைக்கூட எழுதவேண்டாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.