உறக்கம் யாருக்கு உரியது?

கூலி கொடுப்பவன் விலைக்கு வாங்குவது உழைப்பை மட்டுமா, உழைப்பவனின் உடலையுமா? தத்துவ நூலோர் ஆராயும் இவ்வினாவிற்குத் தோட்டக் காரியாலயத்தில் கிராணி எழுதும் வேலைமுறைப் பட்டியல் நாள்தோறும் விடை கூறிக்கொண்டிருக்கிறது.

ரப்பர் மரத்தை நோக்குங்கள். வைகறைக் குளிர்ச்சியில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்கு ஒழுகும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆதலின் இருள் பிரியுமுன்பே பெரட்டுக் கூடுகிறது. இன்று வெட்டிய மரத்திற்கு நாளை ஓய்வளிப்பதும் வழக்கம். ஓயாது வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும் என்பதை அறிவோம். மரத்தின் இயல்பறிந்து காலம் வகுத்த அறிவு, மனிதனிடத்தில் மட்டும் மங்கிவிடுவது முறையோ?

மனித உடலுக்கும் நாழிகைக் கணக்கு உண்டு. பழ ஈக்களை ஆராய்ந்து அவ்வுள்ளியக்கத்தை விளக்கிய ஹால், ரோஸ்பாஷ், யங் என்னும் மூவர் 2017-இல் நோபெல் பரிசு பெற்றனர். உடலின் அக்கணக்கைக் குலைக்கும் இரவுமுறை வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007-இல் வகுத்து, 2019-இல் அதனை மீண்டும் உறுதிசெய்தது.

“செம்பனைக் குலைகள் தேங்கினால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடுமே; ஆலையை இரவில் நிறுத்தலாகுமா?” என்பர். மெய்யே. ஆயினும், இரவு வேலை தவிர்க்கவியலாதது என்பதனால் அதனை எவ்வாறும் பங்கிடலாம் என்பது பெறப்படாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தொழிற்சாலையொன்றில், காலை, மாலை, இரவு என்று முறைகள் முன்னோக்கிச் சுழலவும், மாற்றம் வாரந்தோறுமின்றி மூன்று வாரங்களுக்கொருமுறை நிகழவும் வகைசெய்தனர். தொழிலாளரின் நலமும் மனநிறைவும் உயர்ந்தன. உற்பத்தியும் உயர்ந்தது என 1982-இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று.

“தொழிலாளரே இரவுப்படியை விரும்பிக் கேட்கின்றனரே” என்பது மற்றொரு வாதம். பகற்கூலி குடும்பத்திற்குப் போதாதவன் இரவைக் கேட்பது விருப்பமா, நெருக்கடியா? பசி இட்ட கையெழுத்தைக் காட்டி, பட்டியல் எழுதுவோர் தம் பொறுப்பைக் கழித்துவிட முடியாது.

தீபகற்ப மலேசியாவில் 2023 சனவரி முதல் வார வேலை 48 மணியிலிருந்து 45 மணியாயிற்று. எத்தனை மணி என்று சட்டம் சொல்லிவிட்டது. எந்த மணிகள் என்பதை நாம் எழுதுகிறோம். ஆகவே, விடியலில் வேலைவிட்டுச் சென்றவனை அன்று மாலையே மீண்டும் அழையாதீர்கள். முறை மாறுவதை முன்கூட்டியே அறிவியுங்கள். தொழிலாளத் தோழர்களே, கூலியுயர்வு கேட்கும்போது ஓய்வு நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். விற்றது உழைப்பே, உறக்கத்தை எவருக்கும் விற்கவில்லை.