யாழை உடைக்க வேண்டாம்

மார்கழிக் காலையில் வெள்ளிமலையில் கிட்டாரை எடுத்தால், குளிரில் எஃகுத் தந்திகள் இறுகிச் சுருதி ஏறியிருக்கும். தேவாரம் பாடுவதற்கென்றால் நான் வழக்கமான சுருதியில் அதைச் சேர்ப்பதில்லை. முதல், இரண்டாவது, ஆறாவது தந்திகளை இரண்டு ஃபிரெட் அளவு இறக்கிவிடுவேன். தடித்த தந்தியிலிருந்து வரிசையாக மீட்டினால் ச ப ச ம ப ச என்று கேட்கும்.

"சார், இதுல எதுதான் சரியான சுருதி?" என்று கேட்டான், என்னிடம் வாசிக்கப் பழகும் கரியாலூர்ப் பையன். எந்த வழிபாடு சரி என்று கோயில் வாசலிலும் நாம் கேட்கிற கேள்விதான் அது.

1960களின் தொடக்கத்தில், மொராக்கோவின் ஊத் கலைஞர்களோடு சேர்ந்து வாசிப்பதற்காக இங்கிலாந்துக்காரர் டேவி கிரஹாம் இந்தச் சுருதிக்கு வந்தார் என்பார்கள். இதில் எந்தத் தந்தியிலும் காந்தாரம் இல்லை. சங்கராபரணத்தின் அந்தர காந்தாரமா, கரகரப்பிரியாவின் சாதாரண காந்தாரமா என்பதைப் பாடுகிறவர் குரலே முடிவுசெய்யும். அதற்கு விலையாக, விரல் பழகிய கார்டுகளையெல்லாம் இழக்க வேண்டும்.

பெரிய புராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் பட்ட வேதனையும் இதை ஒட்டியதுதான். அவர் யாழால்தான் சம்பந்தர் பதிகம் பரவுகிறது என்று சுற்றத்தார் புகழ, அவர் நடுங்கிப்போனார். யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடும்படி சம்பந்தரை வேண்டினார். காரைக்காலுக்கு அருகே தருமபுரத்தில் யாழ்மூரிப் பதிகம் பிறந்தது. வாசிக்க முடியாமல் போன பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார், இறைவன் பெருமை கருவிக்குள் அடங்குமா, வந்த அளவில் வாசியும் என்று யாழைத் திருப்பிக் கொடுத்தார்.

பாணர் நரம்புகளை வேறு விதமாகச் சேர்த்திருந்தால் அந்தப் பதிகம் ஒருவேளை அடங்கியிருக்கும். அப்போது வேறொன்று அடங்காமல் போயிருக்கும். எல்லாவற்றையும் தருகிற சுருதி என்று ஒன்று கிடையாது.

அதற்காக எப்படி வேண்டுமானாலும் மீட்டலாம் என்று ஆகிவிடாது. ஒரு தந்தி இம்மி பிசகினாலும் அந்தப் பையனின் முகம் சுளிக்கிறது. சுருதிகள் பல இருக்கலாம். எடுத்த சுருதியில் சுத்தமாக நிற்பது கடமை.

பாணர் கருவியின் எல்லையை அவமானம் என்று நினைத்தார். சம்பந்தர் அதை உண்மை என்று ஏற்றார். என் வழிபாட்டுக்குள் கடவுள் முழுதாக அடங்கவில்லை என்பதால் அதில் கிடைத்தது பொய்யாகிவிடாது. இதே மலையில் கரியராமரைக் கும்பிடுகிறவருக்குக் கிடைப்பதும் பொய்யில்லை. அடங்காதது மிச்சம் இருப்பதால்தான் நாளையும் பாட வேண்டியிருக்கிறது.