டின் மீனும் துதிப்பாடலும்

1968 செப்டம்பரில் இங்கிலாந்துப் பாதிரியார்கள் சிலருக்கு ஒரு சங்கடம் வந்தது. ஜான் கால்ஸ்வொர்த்தியின் நாவல்களை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் ‘த ஃபார்சைட் சாகா’ முந்தைய ஆண்டு பிபிசி 2-இல் வந்தபோது, அந்த அலைவரிசை தெரியும் பெட்டி பல வீடுகளில் கிடையாது. இப்போது அதையே பிபிசி 1 ஞாயிறு மாலைகளில் மறுபடி போட்டது. மாலை ஆராதனைக்கு வரவேண்டியவர்கள் வீட்டோடு தங்கிவிட்டார்கள். கோபித்துப் பயனில்லை என்று கண்ட பாதிரியார்கள் ஆராதனை நேரத்தை மாற்றிவைத்தார்கள். மொத்தம் 26 பகுதிகள். கடைசிப் பகுதியைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேர்.

கடவுள் தொலைக்காட்சியிடம் தோற்றார் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஞாயிறுகளைப் பற்றி இன்றைய ஆங்கிலேயப் பாட்டி தாத்தாக்கள் பேசும்போது குரலில் ஏறும் குழைவைக் கவனித்தால், வேறு கேள்வி எழும். அவர்கள் ஏங்குவது அந்த நாடகத்துக்கா, அம்மா வெட்டிக் கொடுத்த சாண்ட்விச்சுக்கா, இல்லை, தேவாலயத்துக்குப் போகாமலே செய்துவந்த ஏதோ ஒரு வழிபாட்டுக்கா?

திருச்சபைக்கு இந்தக் கவலை புதிதல்ல. 1923-இல், பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரின் திருமணத்தை வானொலியில் ஒலிபரப்ப வெஸ்ட்மின்ஸ்டர் அபே இடம் கொடுக்கவில்லை. மதுக்கடையில் உட்கார்ந்திருப்பவன் தொப்பியைக் கழற்றாமலே கேட்டுவிட்டால்? முப்பது ஆண்டு கழித்து, 1953 ஜூன் 2 அன்று, அவர் மகளின் முடிசூட்டு விழாவுக்கு அதே அபேக்குள் கேமராக்கள் நுழைந்தன. ஆனால் புனித எண்ணெய் பூசும் கணத்தை மட்டும் காட்டவில்லை. கருவறைத் திரை ஒன்று அப்போதும் மிச்சமிருந்தது.

ஞாயிறு மாலையிலும் ஒரு வேலி போட்டிருந்தார்கள். பிபிசியும் ஐடிவியும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குச் சமய நிகழ்ச்சி தவிர வேறெதையும் போடுவதில்லை என்ற ஏற்பாடு 1970களின் தொடக்கம்வரை இருந்தது. அந்த வேலிக்குள் முளைத்ததுதான் ‘சாங்ஸ் ஆஃப் பிரெய்ஸ்’. 1961 அக்டோபர் 1 அன்று கார்டிஃப் நகரின் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்திலிருந்து முதல் ஒளிபரப்பு. ஊர் ஊராகப் போய் அங்குள்ள சபையார் பாடுவதைக் காட்டினார்கள், அவ்வளவுதான். பாட்டை வீட்டில் பலர் கேட்டது வாய் நிறைய ரொட்டியோடு.

அந்த ரொட்டி விஷயத்தில்தான் தத்துவம் இருக்கிறது. ஞாயிறு டீ என்றால் வெறும் தேநீர் அல்ல. பகலில் ரோஸ்ட் சாப்பிட்ட வயிற்றுக்கு மாலையில் ஓர் இலகுவான சாப்பாடு: டின்னில் அடைத்த சால்மன் மீனை வினிகர் தெளித்து மசித்து வெள்ளரித் துண்டோடு வைத்த சாண்ட்விச், டின் பீச் பழம், அதன்மேல் ஊற்றச் சுண்டிய டின் பால். பழம் வேண்டுமென்றால் வெண்ணெய் தடவிய ரொட்டியும் தின்றாக வேண்டும் என்பது பல அம்மாக்களின் சட்டம். போர்க்காலப் பங்கீட்டை அனுபவித்த தலைமுறை அது. இறைச்சிப் பங்கீடே 1954 ஜூலையில்தான் முடிந்தது. ஆகவே சால்மன் டின் அலமாரியில் ஞாயிறுக்காகக் காத்திருக்கும். வாரநாளில் எந்தக் குழந்தையும் அதைத் தொடக்கூடாது. நல்ல பீங்கான் கோப்பைகளும் அப்படித்தான். தெருவைப் பார்த்த முன்னறையும் பல தொழிலாளர் வீடுகளில் ஞாயிறு, சாவு, பாதிரியார் வருகை ஆகியவற்றுக்கு மட்டுமே திறந்தது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-இல் எழுதிய நூலில் புனிதத்துக்குக் கொடுத்த இலக்கணம் ஏறக்குறைய இதுதான்: அன்றாடத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டது, கண்டபடி தொடக்கூடாதது. மனிதர்கள் கூடி ஒன்றையே செய்யும்போது எழும் கிளர்ச்சியில் மதத்தின் ஊற்றைக் கண்டார் அவர். அவர் கணக்குப்படி அந்தச் சால்மன் டின் புனிதப் பொருள்தான். சிரிப்பு வந்தாலும், எங்கே பிழை என்று சட்டெனச் சுட்டிக்காட்ட முடியாது.

கூடியதற்குச் சாட்சி மின்வாரியக் கணக்கில் இருக்கிறது. பிரபல நிகழ்ச்சி முடிந்ததும் நாடே எழுந்துபோய் மின்கெட்டிலைப் போடும். 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து தோற்றதும் மின்தேவை ஒரே தாவலில் 2,800 மெகாவாட் ஏறியது. இப்படிப்பட்ட தாவல்களைச் சமாளிக்க வேல்ஸில் ஒரு மலையைக் குடைந்து டினோர்விக் நீர்மின் நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள். அதை முடுக்கிவிட, நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்று பொறியாளர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்நாளில் கிறிஸ்துமஸுக்குத் தனி முறை இருந்தது: மூன்று மணிக்கு ராணியின் உரை, அதற்குள் வான்கோழியை முடித்துவிட வேண்டும், இரவில் நகைச்சுவை இரட்டையர் மோர்கம்பும் வைஸும். 1976-இல் அந்த இருவரும் ஒரு கேபரே இசைக்கு அச்சுப்பிசகாமல் டோஸ்டைப் பிடித்து, குளிர்பெட்டிக்குள்ளிருந்து சாசேஜ் சரத்தை உருவி ஆடிய காலை உணவு நடனத்தை இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள்.

ஆனால் இந்த ஏக்கத்தை அப்படியே நம்பலாமா? ஞாயிறு மாலை அன்றைய குழந்தைகள் பலருக்குச் சலிப்பின் உச்சம். கடைகள் மூடியிருக்கும், வீட்டுப்பாடம் எழுதாமல் கிடக்கும், குளியல் காத்திருக்கும், விடிந்தால் பள்ளி. அந்தச் சலிப்பே இன்று இனிக்கிறது. கடந்துபோன துயரத்தை மகிழ்ச்சியோடு நினைவுகூர முடிவதைக் கண்டு புனித அகஸ்டினே தம் ‘வாக்குமூலங்கள்’ பத்தாம் நூலில் வியந்திருக்கிறார். நினைவு பொய் சொல்லவில்லை, சுவையை மட்டும் மாற்றிவிடுகிறது.

அவர்கள் இழந்தது இன்பத்தை அல்ல, கட்டாயத்தை. மூன்றே அலைவரிசை, ஒரே பெட்டி, ஒரே நேரம், யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஏகாதசி விரதத்துக்குத் தனக்கு வசதியான நாளை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த அளவுக்கு ஞாயிறு டீயும் ஒரு சடங்குதான், துர்கைம் சரிதான்.

மிச்சத்தில் அவர் வழுக்குகிறார். 1990-இல் பி. ஆர். சோப்ராவின் ‘மகாபாரதம்’ பிபிசி 2-இல் வரத் தொடங்கியது. இத்தகைய பக்திக் காட்சிகளை லண்டனின் சவுத்ஆல் பகுதிக் குடும்பங்கள் பார்த்த விதத்தை ஆய்வாளர் மாரி கில்லெஸ்பி பதிவு செய்திருக்கிறார். ஊதுபத்தி ஏற்றி உட்காரும் வீடும் அங்கே உண்டு. திரையில் கிருஷ்ணர் தோன்றும்போது நடுவில் சாப்பிடுவது மரியாதையில்லை. ஆங்கிலேய வீட்டில் விலக்கி வைத்தது ஒரு வேளையை. அதற்குள் துதிப்பாடலுக்கு நடுவே கேக் கேட்டால் யாரும் முறைக்கமாட்டார்கள். சவுத்ஆல் வீட்டில் விலக்கி வைத்தது திரையில் வந்தவரை. சால்மன் டின்னையும் கிருஷ்ணரையும் ஒரே பட்டியலில் எழுத துர்கைமின் இலக்கணம் இடம்கொடுக்கும். ஊதுபத்தி ஏற்றிய அந்த வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவார், நியாயமாகவே.