கட்டியைச் சுற்றி ஒரு கோடு

நுரையீரல் புற்றுநோயாளிக்குக் கதிர்வீச்சு தொடங்குமுன் மருத்துவர் கணினித் திரையில் ஒரு கோடு வரைகிறார். முழு வீச்சும் விழப்போவது கோட்டுக்குள் இருக்கும் திசுவின் மேல். வெளியே இருப்பதை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும். பெட் ஸ்கேனில் நோயைப் பார்த்து வரைகிறார் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அவர் பார்ப்பது நோயைத்தானா?

ஸ்கேனுக்கு வருபவர் சில மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டும். பிறகு, கதிரியக்க ஃபுளூரின்-18 ஏற்றிய சர்க்கரை போன்ற மருந்தை நரம்பில் செலுத்துவார்கள். 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் பொருள் அது. புற்றணுக்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி விழுங்குவதை ஜெர்மானியரான ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்திருந்தார். மருந்து சேர்ந்த இடத்தில் ஃபுளூரின் வெளிவிடும் பாசிட்ரான், பக்கத்திலுள்ள எலெக்ட்ரானோடு மோதி இரண்டும் மறைகின்றன. அப்போது எதிரெதிர்த் திசையில் பாயும் இரு கதிர்த்துகள்களை வளையமாக நிற்கும் உணரிகள் பிடிக்க, கணினி கணக்குப் போட்டுப் படம் தீட்டுகிறது. திரையில் தெரிவது சர்க்கரை போய்ச் சேர்ந்த இடம். அங்கே புற்று இருக்கிறது என்பது மருத்துவரின் ஊகம்.

தமிழில் இதற்குப் பழைய சொற்கள் உண்டு. நேரில் அறிவது காண்டல். அடையாளத்தைக் கொண்டு அறிவது கருதல். மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள், அறியும் வழிகளான அளவைகளை விளக்கும்போது, கருதல் தவறும் வழிகளையும் வரிசைப்படுத்துகிறார். ஏதுப் போலிகளில், அதாவது சரியான காரணம்போலத் தோன்றி ஏமாற்றுபவற்றில், ஒன்று இது: ஆவியா பனியா என்ற ஐயம் தீருமுன்பே அதைப் புகையென்று கொண்டு, அங்கே நெருப்பு உண்டு என முடிவு கட்டுவது.

காசநோய் மலிந்த இந்தியாவில் இந்தப் போலியைப் புற்றுநோய் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். காசநோய் தாக்கிய நிணநீர்க் கணுவும் சர்க்கரையை இழுத்துக்கொண்டு பளிச்சென்று ஒளிரும். மூளை எப்போதுமே ஒளிரும். ஐயம் வந்தால் ஊசி விட்டுத் திசுவை எடுத்துச் சோதிக்கிறார்கள். கருதலைக் காண்டலால் உரசிப் பார்க்கும் வேலை அது.

ஒளிர்வது புற்றுதான் என்று உறுதியான பிறகும் அதன் விளிம்பு எங்கே என்ற கேள்வி நிற்கிறது. உச்ச ஒளியில் 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ளதெல்லாம் கட்டி என்று கொண்டால் ஓர் அளவு வரும். 50 என்றால் அதே கட்டி சிறுத்துவிடும். மூச்சு விடும்போது நுரையீரல் அசைவதால் ஓரம் வேறு மங்கலாகிறது.

இனி, ஒளிராத இடம். காணாமையைக் கொண்டே இன்மையை அறியலாம் என்றார்கள் குமாரில பட்டர் வழிவந்த மீமாஞ்சகத் தத்துவவாதிகள். அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சத்தில் மேசைமேல் பானை தெரியாவிட்டால் பானை இல்லை. இருட்டில் தெரியாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சில மில்லிமீட்டருக்குக் குறைந்த நோய் பெட் படத்தில் சிக்குவதில்லை என்பதால், அந்த அளவில் படம் இருட்டறைதான். கண்ணுக்குத் தெரிந்த கட்டிக்கு வெளியேயும் மருத்துவர்கள் ஒரு வரம்பு விட்டு வரைவது இதனால்தான்.

அப்படியானால் ஐயமுள்ள இடத்தையெல்லாம் கோட்டுக்குள் சேர்த்துவிடலாமே? ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளில் 205 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த பெட்-பிளான் ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு, ஒளிராத சில கணுக்களையும் சுருங்கிய நுரையீரல் பகுதியையும் சேர்த்துப் பழைய முறையில் கோடு போட்டார்கள். மற்றப் பிரிவினருக்கு ஒளிர்ந்தவற்றை மட்டும் வைத்துத் திட்டமிட்டார்கள். 2020இல் முடிவு வெளியானது. திட்டப்படி சிகிச்சை பெற்றவர்களில், ஓராண்டுக்குள் நெஞ்சுக்குள்ளேயே நோய் மீண்டும் தலைதூக்கியது முதல் பிரிவில் 29 விழுக்காடு, இரண்டாவதில் 14. இலக்கு சுருங்கினால், நல்ல திசுவைக் கெடுக்காமல் கதிர் அளவைக் கூட்ட இடம் கிடைக்கிறது.

அந்த 14 விழுக்காட்டினரில் ஒருவராக யார் இருப்பார் என்பதைப் படம் முன்கூட்டிச் சொல்லாது. அதனால்தான் பல மருத்துவமனைகளில் ஒருவர் போட்ட கோட்டை இன்னொரு மருத்துவர் சரிபார்க்கிறார். வேண்டிய இடத்தில் திருத்திய பிறகே கதிர்வீச்சுத் திட்டத்தில் மருத்துவர் கையெழுத்திடுகிறார்.