பசியோடு திரும்பும் பறவை

அல்லாஹ்வின் மீது உரிய முறையில் தவக்குல் வைத்தால், பறவைகளுக்கு உணவளிப்பது போல் நமக்கும் அவன் உணவளிப்பான். அவை காலையில் வெறும் வயிற்றோடு சென்று மாலையில் வயிறு நிறைந்து திரும்புகின்றன. இக்கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பறவை பசியோடு திரும்பினால், குறை யாரிடம்?

இது வீண் கேள்வியல்ல. ஈப்பிடிப்பான் இனத்தில் கறுப்பும் வெள்ளையுமான ஒரு சிறு பறவை உண்டு. எடை 12 கிராம் அளவே. குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழித்து, ஸஹாரா பாலைவனத்தைக் கடந்து, நெதர்லாந்து நாட்டுக் காடுகளுக்கு வந்து குஞ்சு பொரிக்கிறது. பகற்பொழுதின் நீளமே அதற்குப் பயண வேளையை உணர்த்துகிறது. ஓக் மரங்களில் சில வாரங்கள் மட்டுமே பெருகும் புழுக்கள் அதன் குஞ்சுகளுக்கு ஆகாரம். பூமி சூடேறியதால் அங்கே வசந்தம் முந்திவிட்டது, புழுக்களும் முந்திக்கொண்டன. குஞ்சுகள் வாய் திறக்கும்போது பந்தி முடிந்துவிடுகிறது. புழுக்கள் மிகவும் முந்திய காடுகளில், சுமார் இருபதாண்டுகளில் இப்பறவைகள் 90 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டன என்று 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது.

ரிஸ்க் அளிப்பவனிடமா குறை? அஸ்தஃபிருல்லாஹ்! மரம் தழைத்தது, புழுவும் பெருகியது. பறவையும் கூட்டில் சோம்பிக் கிடக்கவில்லை. வேளைதான் பிசகியது. நிலக்கரியையும் எண்ணெயையும் அளவின்றி எரித்து, அல்லாஹ் நிறுவிய மீஸானில் கைவைத்தவன் மனிதனே. கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதரின் கைகள் தேடிக்கொண்டவையே காரணம் எனத் திருமறை (30:41) எச்சரிக்கவில்லையா?

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய?" என்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாயகத்தின் போதனை.

"எங்கோ ஒரு காட்டுக்கும் நம் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?" எனலாம். புகைக்கு நாட்டெல்லை கிடையாது. நம் பங்கு அற்பமானதுதானே என்றும் தோன்றலாம். ஆனால் ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் நீரை விரயமாக்கக் கூடாது என்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். ஆறு வற்றிவிடும் என்பதற்காகவா? இல்லை, நம் கை வரம்பு மீறிவிடக் கூடாது என்பதற்காக! ஆளில்லா அறையில் எரியும் விளக்கும், கல்யாண வீட்டில் விடியவிடிய எரியும் அலங்கார விளக்குகளும் இந்தக் கணக்கில் சேராதவையா?

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது திருமறை (6:38). நாம் நட்ட மரத்தில் ஒரு பறவை உண்டால் அது நமக்கு சதகா. அதன் உணவை நாமே தட்டிப் பறித்தால் அது என்னவாகும்? மறுமையில் கேட்கப்படுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அமானத்தைப் பேணும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.